காலிக் கட்டம்

புள்ளியியல் புத்தகத்தின் விலை
ஆறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.
கொடைக்கானல் மழைக்கு அது தெரியாது,
மூன்றே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.
எங்கள் நூலகத்தில் மூன்று பிரதி.
ஒன்று முதுகு பிளந்தது.
ஒன்று, ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றபோது
கூடவே ஓய்வு பெற்றது.
மூன்றாவது கண்ணாடி அலமாரியில்,
நாற்பது வாட்ஸ் பல்புச் சூட்டில்,
அடையில் வைத்த முட்டை மாதிரி.
சாவி என் இடுப்பில்.

நாற்பத்து மூன்று பெண்கள்.
வரிசையில் நின்று, ஆளுக்கு இருபது நிமிடம்,
போனில் படமெடுத்துப் போவார்கள்.
எல்லாப் படத்தின் ஓரத்திலும் என் கட்டைவிரல்.
பக்கம் மூடிக்கொள்ளாமல் பிடித்திருந்தது நான்தானே.
தேர்வுக்கு முந்தின ராத்திரி
விடுதியில் எத்தனை பேர்
என் நகத்தைப் பார்த்தபடி படித்தார்களோ.

உள்ளே இருந்த கணக்கெல்லாம்
பேஸ்பால் மட்டைக்காரன் எடுத்த ஓட்டங்கள்,
ஒரு கேலனுக்கு எத்தனை மைல்.

நூலகத்துக்கென்று ஒரு சிறு நல்கை அறிவித்தார்கள்,
விலை கூடிய புத்தகத்துக்குப் பதில்
நாமே பாடம் எழுதிக்கொள்ள.
விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில்
ஜெஸிந்தா மேடம் ஒரே வரி எழுதினார்:
அலமாரியைத் திறந்து வைக்க.
பணத்தை மார்ச்சுக்குள் தாளாக வாங்கி அடுக்கிவிட்டோம்,
எழுத்து மே மாதத்தில்தான் வந்தது,
சீசன் வண்டிகளின் ஹார்ன் சத்தத்துக்கு நடுவே.
அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சுருள் கம்பி.
எண்பத்தைந்து ரூபாய்.
போனில் இறக்கிக்கொண்டால் அதுவும் கிடையாது.

பக்கம் நாற்பத்தொன்று:
பூம்பாறைப் பூண்டு, வடுகபட்டிச் சந்தை,
ஆறு வாரம், கிலோ விலை.
210, 245, 190, 0, 320, 285.
சராசரி காண்க.
கடைசிப் பக்கத்தில் விடை: 208.

வேலுத்தாய் கவுன்ட்டருக்கு வந்து நின்றாள்.
"விடை தப்புக்கா.
நாலாவது வாரம் அடுக்கம் ரோட்டுல மண்ணு சரிஞ்சது.
மூட்டை வீட்டுலயே கெடந்துச்சு.
விக்கலைன்னா வெலை பூஜ்யமா?
சும்மா தூக்கிக் குடுத்தாத்தான் பூஜ்யம்.
இது காலி.
ஆறால வகுக்காதீங்க,
அஞ்சால வகுங்க."

இருநூற்றைம்பது.

மேடம் இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.
பிறகு சிரித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு.
கடல் தாண்டிக் கடிதம் எழுதவில்லை நாங்கள்,
ஒன்பதாம் பதிப்புக்குக் காத்திருக்கவில்லை.
அன்றைக்குச் சாயங்காலமே மாற்றினோம்.
அடிக்குறிப்பில் அவள் பெயர்.
"அப்பா பேரும் போடலாமாக்கா,
வெலையெல்லாம் அவரு நோட்டுலேர்ந்து சொன்னதுதானே."
இடம் இருந்தது. போட்டோம்.

இப்போது கணக்கு ஒப்படைக்கும் நேரம்.
படிவம் கேட்கிறது:
இந்த நல்கையால் மாணவியர் மிச்சப்படுத்திய தொகை?
ஆறாயிரத்து நூற்று ஐம்பத்தைந்தை
நாற்பத்து மூன்றால் பெருக்கினேன்.
இரண்டு லட்சத்து அறுபத்து நான்காயிரத்து
அறுநூற்று அறுபத்தைந்து.
நல்ல எண். மேலிடத்துக்குப் பிடிக்கும்.
பிறகு அந்த வரிசை ஞாபகம் வந்தது.
அதில் ஒருத்திகூட
அந்தப் புத்தகத்தை வாங்கியிருக்கப் போவதில்லை.
கையில் இருந்திராத ஆறாயிரத்தை
எந்தக் கையால் மிச்சம் பிடிப்பாள்?
அழித்தேன்.
பூஜ்யம் போட்டேன்.
அது அதைவிடப் பெரிய பொய்.
அதையும் அழித்துவிட்டுச் சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.

சிவப்பில் எழுந்தது:
இக்கட்டத்தைக் காலியாக விடக்கூடாது.

மணி ஐந்தரை. ஜன்னலுக்கு வெளியே
ஏரி இருக்கிற பக்கம் வெறும் பனி.
பல்பை அணைக்க எழுந்து போகிறேன், பழக்கதோஷம்.
அது அணைந்து ஒரு மாதமாகிறது,
சாவி பூட்டிலேயே தொங்குகிறது.
கட்டம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.
வேலுத்தாயைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால்
அவள் ஊருக்குப் போயிருக்கிறாள்,
பூண்டு பிடுங்க.